வெளுத்ததெல்லாம் வெள்ளை அல்ல

“வெள்ளைதானே, ஸார்! வெள்ளையில் என்ன தினுசு வேண்டிக் கிடக்கிறது?” என்று கேட்கிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. கோர்ட்டுக்குப் போகிற வழக்கு அல்ல. பேனாவும் காகிதமும் கைவசம் உள்ளவன் நடத்தக்கூடிய வழக்கு. பிரதிவாதிகள் இரண்டு பேர். முதல் பிரதிவாதி, வெள்ளை எல்லாம் ஒன்றுதான் என்று சாதிக்கிற வீட்டுக்காரர். இரண்டாம் பிரதிவாதி, வெள்ளையில் நாற்பது வெள்ளை உண்டு என்று சொல்லி, நாற்பதுக்கும் நாற்பது கவிதைப் பெயர் சூட்டி விற்கிற வியாபாரி. பார்வைக்கு இவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் போலத் தோன்றுவார்கள். உண்மையில் இருவரும் சேர்ந்துதான் ஒரு மூன்றாம் மனிதனுடைய கூலியில் கை வைக்கிறார்கள். அந்த மூன்றாம் மனிதன் ஏணிமேல் நின்று சுவருக்கு வெள்ளை அடித்துக் கொண்டிருக்கிறான். கீழே நடக்கிற பேச்சு அவன் காதில் விழுவதில்லை.

முதலில் வீட்டுக்காரரை எடுத்துக் கொள்கிறேன். வெள்ளையில் பேதம் தெரியாதவர்களா நாம்? தும்பைப் பூவின் வெள்ளை வேறு, முல்லையின் வெள்ளை வேறு என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். பசும்பாலில் இழையோடுகிற மஞ்சள் எருமைப் பாலில் கிடையாது. பால்காரன் மாற்றி ஊற்றினால் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே அவனுடைய சாயம் வெளுத்துவிடும். கோடி வேட்டியின் வெள்ளையையும் சலவைக்குப் போய் வந்த வேட்டியின் வெள்ளையையும் எந்தச் சம்பந்தியாவது ஒன்று என்று ஒப்புக்கொள்வாரா? இதெல்லாம் போகட்டும். பெண் பார்க்கப் போகிற இடத்தில், மாநிறம், பொது நிறம், எலுமிச்சம்பழ நிறம், ‘கறுப்புத்தான், ஆனால் களையான முகம்’ என்றெல்லாம் கூடத்து வெளிச்சத்தில் ஒரு நிமிஷத்தில் நிறம் பிரித்து, அதைச் சீர்வரிசைக் கணக்கிலும் ஏற்றிவிடுகிற கண்கள் நம்முடையவை. ஒரு பெண்ணின் தோலில் பத்து நிறம் பார்க்கிற கண்ணுக்குச் சுவரில் இரண்டு நிறம் தெரியாது என்றால் நான் எப்படி நம்புவேன்?

தெரியும். எப்போது தெரிய வேண்டுமோ அப்போது தெரியும். பெயிண்ட் வாங்கும்போது எல்லா வெள்ளையும் ஒன்று. கூலி கொடுக்கும்போது மட்டும் ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு வெள்ளை. இந்த இரட்டை நாக்கைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

‘வெள்ளையெல்லாம் ஒன்று’ என்கிற சித்தாந்தத்துக்கு ஒரு பூர்வாசிரமம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்த காலத்தில் அது ஏறக்குறைய உண்மையாகவே இருந்தது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டு, தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு நீற்றுவார்கள். அது கொதித்துப் பொங்கி அடங்கிய பிறகு வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியோ வஜ்ஜிரமோ சேர்த்து, துணியில் முடிந்த நீலத்தை நாலு தரம் அலசி எடுத்துவிட்டு, நார் மட்டையால் அடிப்பார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு பளிச்சென்று இருக்கும். கல்லில் களிமண்ணும் இரும்பும் கலந்திருந்தால் சற்று மங்கும். ஆக, ஊருக்கு ஊர் வெள்ளை வித்தியாசப்பட்டது. ஆனால் ஒரு வீட்டுக்குள் வித்தியாசப்பட்டதில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் ஒரே தொட்டிச் சுண்ணாம்பு. தொட்டியில் மிஞ்சியதை எடுத்து வைத்து மூன்று மாதம் கழித்து மூலைக்கு மட்டும் பூசுகிற வழக்கமும் கிடையாது. அடுத்த பொங்கலுக்கு மறுபடி வீடு முழுவதும் அடித்துவிடுவார்கள். நம் தாத்தாக்கள் வெள்ளையெல்லாம் ஒன்று என்று நம்பியதற்கு அந்த ஒற்றைத் தொட்டிதான் ஆதாரம். தொட்டி போய்விட்டது. நம்பிக்கையை மட்டும் நாம் வைத்துக் கொண்டிருக்கிறோம்.

அந்த நீல முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்பில் ஓடுகிற லேசான மஞ்சளை நீலம் அமுக்குகிறது. அமுக்குவதற்கு அது ஒளியைக் கொஞ்சம் விழுங்கத்தான் வேண்டும். கணக்குப் பார்த்தால் நீலம் போட்ட சுவர் போடாத சுவரைவிடக் குறைவான வெளிச்சத்தையே திருப்பி அனுப்புகிறது. ஆனாலும் நம் கண் அதைத்தான் ‘அதிக வெள்ளை’ என்கிறது! மஞ்சள் சாய்ந்த வெள்ளையை அழுக்கு என்றும், நீலம் சாய்ந்த வெள்ளையைச் சுத்தம் என்றும் கண் தீர்ப்பளித்து விடுகிறது. கவனியுங்கள்: வெள்ளை என்பது ஒரு கலவை என்பதை நம் பாட்டிமார் நீல முடிச்சைக் கையில் எடுத்தபோதே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

உலகத்திலேயே பேர் பெற்ற வெள்ளை வீடு ஒன்று வாஷிங்டனில் இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதிகள் குடியிருக்கும் அந்த மாளிகையும் முதல் முதலில் சுண்ணாம்பினால் வெளுத்ததுதான். 1814-இல் ஆங்கிலேயர் கொளுத்திய கரியை மறைப்பதற்காக வெள்ளை அடித்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கதைதான். அதற்கு 16 வருஷம் முன்பே, 1798-இல், மணற்பாறைச் சுவருக்குள் நீர் புகுந்து உறைந்து வெடிக்காமல் காப்பதற்காகச் சுண்ணாம்பு பூசினார்கள். பிறகு 1818-இல் ஈய வெள்ளை பூசினார்கள்.

ஈய வெள்ளை என்று ஒரு வார்த்தை வந்துவிட்டதால் அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஈயத்திலிருந்து செய்த அந்த வெள்ளைப் பொடியை எண்ணெயில் குழைத்தால் சுவரை நன்றாக மூடும், நாள்பட உழைக்கும். ஆனால் சாக்கடை வாயு பட்டால் கறுக்கும். அது சுவருக்கு வந்த கேடு. அதைத் தேய்த்துப் பூசியவனுக்கு வந்த கேடு வேறு: வயிற்றைப் பிடுங்கும் வலி, ரத்தச் சோகை, கடைசியில் மணிக்கட்டு நிமிராமல் தொங்கிப் போகிற வாதம். வீட்டுக்காரரின் சுவர் வெளுக்க வெளுக்கப் பெயிண்டரின் முகமும் வெளுத்தது. 1921-இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு, வீட்டு உட்புறங்களில் ஈய வெள்ளையைத் தடுக்க ஓர் ஒப்பந்தம் செய்தது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிற விதி 2016-இல்தான் வந்தது. அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். நடுவே கழிந்த வருஷங்களை நீங்களே கழித்துப் பார்த்துக் கொள்ளலாம். வெள்ளைக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்கிற கேள்வி புதிதல்ல என்று காட்டவே இதைச் சொன்னேன்.

இன்றைய வெள்ளைக்கு ஆதாரம் டைட்டானியம். முதல் உலக யுத்த காலத்தில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் தொழிற்சாலைகளில் செய்யத் தொடங்கிய பொடி இது. இதற்கு மூலப்பொருள் எது தெரியுமா? கறுப்பு மணல்! கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், கொல்லத்துக்குப் பக்கத்தில் சவராவிலும் அலை ஒதுக்கிவிட்டுப் போகிற கரிய மணலில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. இரும்பும் டைட்டானியமும் கட்டிப் பிடித்துக் கொண்டிருக்கும் தாது அது. இரும்பைப் பிரித்தெடுத்துத் துரத்தினால் உலகத்தில் மிக வெண்மையான பொருள்களில் ஒன்று மிஞ்சும். துரத்துவதில் கொஞ்சம் அசட்டையாக இருந்து துளி இரும்பு தங்கிவிட்டாலும் வெள்ளையில் பழுப்பு தட்டும். வெள்ளையின் வேறுபாடு கடைக்கு வந்த பிறகு பிறப்பதல்ல, ஆலையிலேயே பிறக்கிறது.

அதிலும் இரண்டு ஜாதி. ஒன்றை அனடேஸ் என்கிறார்கள், இன்னொன்றை ரூட்டைல் என்கிறார்கள். இரண்டும் ஒரே பொருள்தான். அணுக்கள் அடுக்கிக் கொண்ட விதம்தான் வேறு. அனடேஸ் நீலம் ஓடிய வெள்ளை. பார்க்க அழகு, ஆனால் வெயில் பட்டால் மாவாக உதிரும். ரூட்டைல் ஊதா ஒளியைச் சற்று விழுங்குவதால் ஒரு மெல்லிய மஞ்சள் சாயல் உடையது; ஆனால் வெயிலைத் தாங்கும், சுவரையும் இன்னும் நன்றாக மூடும். திருவனந்தபுரத்து ஆலை அனடேஸுக்கும், சவரா ஆலை ரூட்டைலுக்கும் பெயர் பெற்றவை. எந்த ஜாதி, எந்த ஆலை, பொடி எவ்வளவு நயம் என்பதைப் பொறுத்து டப்பாவுக்குள் இருக்கிற வெள்ளை மாறுகிறது.

பெயிண்ட் எப்படி மூடுகிறது என்பதையும் இங்கேயே சொல்லி விடுகிறேன். கதை படிக்கிறவர்களுக்குப் பௌதிகம் எதற்கு என்று புரட்டிவிட வேண்டாம், நாலு வரிதான். ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது வளைகிறது. வளைவு அதிகமானால் சிதறல் அதிகம்; சிதறல் அதிகமானால் வெள்ளை அதிகம். பெயிண்டில் பொடியைப் பிடித்து வைத்திருக்கிற பிசினுக்கு ஒளிவிலகல் எண் சுமார் 1.5. சாக்குக்கட்டிக்கும் சுமார் 1.6-தான். ஆகையால் பிசினுக்குள் போன சாக்குப் பொடி தண்ணீரில் விழுந்த கண்ணாடித் துண்டு போல மறைந்து போகிறது. ரூட்டைலுக்கு அந்த எண் 2.7, அது மறையாது. சுண்ணாம்பு அடித்த சுவர் ஈரத்தில் அழுக்காகத் தெரிந்து காய்ந்த பிறகு வெளுக்கிறதே, அதற்கும் இதுதான் காரணம்: தண்ணீர் போய்க் காற்று புகுந்த பிறகுதான் சிதறல் பலப்படுகிறது.

டைட்டானியம் விலை உயர்ந்த சரக்கு. மலிவு டப்பாவில் அதைக் குறைத்து, சாக்கையும் களிமண்ணையும் கூட்டுகிறார்கள். இதில் பாவம் ஒன்றும் இல்லை, விலைக்கேற்ற சரக்கு. ஆனால் சாக்குக்கு ஒரு நிறம், களிமண்ணுக்கு ஒரு நிறம், பிசினுக்கு ஒரு நிறம். எல்லாம் சேர்ந்து வருகிற வெள்ளை சற்றுச் சாம்பலாகவோ மஞ்சளாகவோ நிற்கும். அதைச் சரிக்கட்ட ஒரு சொட்டு நீலமோ ஊதாவோ கறுப்போ விடுகிறார்கள். ஆம், வெள்ளைப் பெயிண்டில் கறுப்பு! மஞ்சளை மறைத்துச் சுவரை மூடும் சக்தியைக் கூட்ட அது ஒரு வழி. இவ்வளவு கைகள் பட்டு வருகிற பண்டத்தை, பசு மடியிலிருந்து நேரே வந்த பால் மாதிரி, ‘சாதாரண வெள்ளை’ என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்?

கதவு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமல் தனி ஜாதகம். எண்ணெய் சேர்ந்த சரக்கு ஆகையால் நாளாக நாளாக மஞ்சளாகும். வெயில் பட்டுத்தான் மஞ்சளாகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம்; நேர் எதிர். இருட்டில்தான் அது மஞ்சளாகும், வெளிச்சம் பட்டால் ஓரளவு வெளுக்கும். சமையலறை அலமாரியின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடப் பழுத்திருப்பதைத் திறந்து பாருங்கள். கதவில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றியதும் அதன் அளவுக்கு ஒரு மஞ்சள் சதுரம் தெரிந்தால், ‘மட்டச் சரக்கை அடித்து ஏமாற்றிவிட்டான்’ என்று உடனே ஆள் அனுப்ப வேண்டாம். காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, கொஞ்ச நாள் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இனி வெளிச்சம். நம் ஊர்க் குழல் விளக்குகள் பெரும்பாலும் 6500 கெல்வின் என்கிற நீல வெளிச்சத்தை உடையவை. வரவேற்பறைக்கு அழகு என்று இப்போது போடுகிற மஞ்சள் விளக்குகள் 2700, 3000 கணக்கில் இருக்கும். ஒரே சுவர் பகலில் ஒரு வெள்ளை, இரவில் ஒரு வெள்ளை. போதாதற்குச் சிவப்புக் காவித் தரை சுவரின் கீழ்ப்பாதியைச் சிவக்க வைக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்ப மரம் நின்றால் எதிர்ச் சுவர் பச்சை பூத்திருக்கும். மூலையில் சேருகிற இரண்டு சுவர்களை ஒரே டப்பாவிலிருந்து ஒரே கை அடித்திருந்தாலும் ஒன்று மங்கலாகத்தான் தெரியும். பெயிண்டைத் தாளோடு வைத்துப் பார்க்கிற புத்திசாலிகளும் உண்டு. எழுதுகிற தாளில் ஒளிரும் மருந்து சேர்த்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் எந்தச் சுவரும் அழுக்காகவே தெரியும்.

ஆகவே, ‘இரண்டு சுவரும் வேறு வேறாக இருக்கிறது’ என்று சொல்வதற்கு முன், வேறாக இருப்பது சரக்கா, வெளிச்சமா என்று பிரிக்க வேண்டும். பிரிப்பது கஷ்டமல்ல. எங்கள் தெருவில் நடந்த ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கணக்கில் கண்டிப்பு; மற்றபடி நல்ல மனிதர். எதிர் வீட்டில் ஓர் எழுத்தாளன் சும்மா இருக்கிறானே என்று பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்.

“பாருங்கள் ஸார், இந்தச் சுவர் பால் மாதிரி இருக்கிறது. அந்தச் சுவர் மோர் மாதிரி இருக்கிறது. தண்ணீரைக் கலந்து இழுத்துவிட்டான். கடைசி நாலு நாள் கூலி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.”

மேஸ்திரி தூரிகையைக் கழுவிக்கொண்டே நிமிராமல் பேசினார். “தண்ணி கூடிப்போச்சுன்னா பழைய சுவர் உள்ளேருந்து தெரியும்ங்க. இது அது இல்லே. டப்பா மாறினது. எல்லா டப்பாவையும் மொதல்லயே வாங்கிக் குடுத்துடுங்க, ஒண்ணாக் கலந்துக்கிறேன்னு அன்னிக்கே சொன்னேன். ஐயாதான் வேணாம்னுட்டாரு.”

“எப்படி ஸார் கலக்க விடுவது? உடைக்காத டப்பா மிஞ்சினால் கடையில் திருப்பிக் கொடுக்கலாமே!”

விஷயம் அங்கேதான் இருந்தது. மிச்சம் பிடிப்பதற்காக அவர் ஒவ்வொரு டப்பாவாக வாங்கியிருக்கிறார். முதல் டப்பாவும் கடைசி டப்பாவும் மூன்று வார இடைவெளியில் வந்தவை. அடிப்பாகத்தில் இருந்த பேட்ச் நம்பர்கள் வேறு. தயாரித்த மாதமும் வேறு. நான் இரண்டு அட்டைத் துண்டுகள் வாங்கி வரச் சொன்னேன். ஒவ்வொரு டப்பாவின் மிச்சத்திலிருந்தும் ஓர் அட்டைக்கு இரண்டு கோட்டிங் அடித்து, மறுநாள் காய்ந்த பிறகு இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தோம். கூடத்தில் பார்த்தோம், இடம் வலம் மாற்றிப் பார்த்தோம், மொட்டை மாடிக்குக் கொண்டு போயும் பார்த்தோம். மோர் அட்டை வெயிலிலும் மோராகவே இருந்தது. வெளிச்சத்தின் குற்றமாக இருந்தால் இடம் மாற்றியபோது நிறமும் மாறியிருக்கும். குற்றம் டப்பாவினுடையது, அடித்த கையினுடையதல்ல.

கடைக்காரரைக் கேட்டதற்கு, “வெள்ளைன்னா வெள்ளைதான் ஸார், லைட்டு வித்தியாசம்” என்று அவர் வேதாந்தம் பேசினார். நண்பர் இரண்டு நாள் கூலியைக் கொடுத்தார். மீதி இரண்டு நாள் கூலியைக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டுவிட்டுத் தருவதாகச் சொன்னார். இன்னும் எழுதிக் கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

இதற்காக அவர் ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். இப்போது இரண்டாம் பிரதிவாதியைக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

பெயிண்ட் கம்பெனிகளின் வண்ணப் புத்தகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பக்கம் வந்தால் பூந்தோட்டத்துக்குள் நுழைந்தது போல இருக்கும். முத்து, தந்தம், பனி, மேகம், நிலா, மல்லிகை... எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். ஒரு நாவல் முழுக்க உபயோகிக்கக்கூடிய வர்ணனைகளை இவர்கள் ஒரு பக்கத்தில் செலவழித்துவிடுகிறார்கள். ஆனால் பெயர் எதையும் அளக்கவில்லை. ஒரு கம்பெனியின் மல்லிகை இன்னொரு கம்பெனியின் முத்தைவிட மஞ்சளா, நீலமா? பெயரைப் படித்தால் தெரியாது. அதே கம்பெனியின் மல்லிகை போன வருஷமும் இந்த வருஷமும் ஒரே மல்லிகையா? அதுவும் தெரியாது. புத்தகத்தின் கடைசி மூலையில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், ‘அச்சில் தெரியும் நிறத்துக்கும் உண்மையான நிறத்துக்கும் வேறுபாடு இருக்கலாம்’ என்று போட்டிருப்பார்கள். பெரிய எழுத்தில் மல்லிகை. சின்ன எழுத்தில் ஜாமீன்.

அளக்க வழி இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. 1976-லிருந்து நிறத்தை மூன்று எண்களால் குறிக்கிற சர்வதேச முறை ஒன்று நடைமுறையில் இருக்கிறது. ஓர் எண் வெளிச்சம் எவ்வளவு என்று சொல்லும்; இன்னொன்று சிவப்புப் பக்கமா, பச்சைப் பக்கமா என்று சொல்லும்; மூன்றாவது மஞ்சளா, நீலமா என்று சொல்லும். இரண்டு வெள்ளைக்கும் நடுவே உள்ள தூரத்தையும் அதே கணக்கில் சொல்லலாம். அந்தத் தூரம் ஒன்றைத் தாண்டுகிற இடத்தில்தான் பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தட்டுப்படத் தொடங்குகிறது என்பது பொதுவான மதிப்பு. ஆலைகளில் இந்தக் கருவி இல்லாமல் வேலையே நடக்காது. ஒவ்வொரு பேட்சையும் அளந்து பார்த்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். அளந்த எண்ணை அவர்கள் வைத்துக்கொண்டு மல்லிகையை நம்மிடம் கொடுக்கிறார்கள்!

ஜெர்மனியில் 1927-லேயே 40 நிறங்களுக்கு எண் கொடுத்து ஒரு பட்டியல் செய்தார்கள். ரால் என்று அதற்குப் பெயர். இன்று அந்தப் பட்டியலில் வெள்ளைகளுக்கும் தனித்தனி எண்கள் இருக்கின்றன. வேடிக்கையைக் கேளுங்கள்: 9010 என்ற எண்ணுக்குச் ‘சுத்த வெள்ளை’ என்று பெயர், 9016 என்ற எண்ணுக்குப் ‘போக்குவரத்து வெள்ளை’ என்று பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சுத்த வெள்ளையில்தான் மஞ்சள் ஓடுகிறது. போக்குவரத்து வெள்ளை அதைவிட வெளுப்பு. ஜெர்மானியர்களுக்கும் பெயர் வைப்பதில் சறுக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் வியாபாரம் பெயரில் நடப்பதில்லை, எண்ணில் நடக்கிறது. எந்த ஊர்க் கடையிலும் 9010 என்று கேட்டால் போதும்.

2021-இல் அமெரிக்காவின் பர்டூ சர்வகலாசாலையில், பேரியம் சல்பேட்டை வைத்துச் சூரிய ஒளியில் 98.1 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்புகிற ஒரு வெள்ளைப் பெயிண்டைச் செய்தார்கள். பூசிய இடம் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து போகிற அளவுக்கு வெள்ளை. அந்த வெண்மையை உலகத்துக்குச் சொல்ல அவர்கள் நிலாவையும் முத்தையும் கூப்பிடவில்லை; 98.1 என்றார்கள். வேறு என்ன சொல்ல வேண்டும்?

நம் கடைகளில் இப்போது வர்ணம் கலக்கும் மெஷின் வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் வெள்ளை அடிச்சரக்கில் மூன்று சொட்டு மஞ்சளும் ஒரு சொட்டு கறுப்பும் விழுந்து, குலுக்கிக் கொடுக்கிறார்கள். ஆழ்ந்த நீலத்தில் ஒரு சொட்டு கூடக்குறைய விழுந்தால் யாருக்கும் தெரியாது. வெள்ளையில் அரைச் சொட்டு பிசகினாலும் சுவர் காட்டிக் கொடுத்துவிடும். எல்லா நிறத்தைக் காட்டிலும் வெள்ளைக்குத்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். வெள்ளைக்குத்தான் நாம் எல்லோரும் குறைந்த ஜாக்கிரதை காட்டுகிறோம்.

மரியாதையான வியாபாரம் என்றால் டப்பாவின் முகத்தில், படிக்கக்கூடிய எழுத்தில், அந்த மூன்று எண்களும் பேட்ச் நம்பரும் இருக்க வேண்டும். ஒரே பில்லில் வாங்குகிறவருக்கு ஒரே பேட்ச் டப்பாக்களாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். மல்லிகை என்ற பெயரும் கூடவே இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ‘இதனால் விலை கூடும்’ என்று யாராவது எழுதுவார்கள். ஏற்கனவே அளந்து வைத்திருக்கிற எண்ணை அச்சடிப்பதற்கு எவ்வளவு மை செலவாகும் என்று அவர்களையே கேட்கிறேன். ‘பெயிண்டர்கள் எல்லாம் யோக்கியர்களா?’ என்றும் சிலர் கேட்பார்கள். அல்லர். தண்ணீரைக் கலந்து இழுக்கிறவனும் உண்டு, ஒரு கோட்டிங்கை விழுங்கிவிடுகிறவனும் உண்டு. அந்தக் குற்றங்களுக்கு அடையாளம் வேறு: உள்சுவர் தெரியும், கை வைத்தால் மாவு ஒட்டும். அதைப் பிடித்தால் கூலியைப் பற்றிப் பேசுங்கள், நான் குறுக்கே வரவில்லை. பாலுக்கும் மோருக்கும் உள்ள பேதத்துக்காகப் பேசாதீர்கள்.

வீட்டுக்காரர் செய்யக் கூடியதை மேஸ்திரிகள் என்றைக்கோ சொல்லிவிட்டார்கள். வேண்டிய பெயிண்டை ஒரே நாளில் வாங்கி, எல்லா டப்பாவையும் உடைத்து, ஒரு பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கலந்துவிட வேண்டும். அது பழைய சுண்ணாம்புத் தொட்டிதான். அவ்வளவு பெரிய பாத்திரம் இல்லையென்றால், ஒரு சுவரை ஆரம்பித்தால் அதே பேட்சிலேயே மூலைவரை போய் முடிக்க வேண்டும். சுவரின் நடுவில் டப்பா மாறக் கூடாது. கலந்ததில் கொஞ்சம் எடுத்து ஒரு மூடி போட்ட பாட்டிலில் ஊற்றி, தேதியும் நம்பரும் எழுதி வைத்துக் கொண்டால், ஆணி பிடுங்கின இடத்துக்குப் பூச உதவும். அண்டாவைக் கொடுக்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். மேஸ்திரியைக் கேளுங்கள். அவரிடமே ஒரு பழைய டிரம் இருக்கும். நாம் கலக்க விட மாட்டோம் என்று தெரிந்து, கொண்டு வராமல் இருக்கிறார்.